கயிற்றின் மறுமுனை

அலைச்சத்தத்தைப் பதிவு செய்யத்தான் ஃபர்சானாவும் அகிலனும் விமான நிலையத்தை ஒட்டிய சாங்கி கடற்கரைக்குப் போனார்கள். பாலிடெக்னிக் தமிழ் நாடகக் குழுவுக்காகப் பழைய கப்பற்பயண நாவல் ஒன்றை ஃபர்சானா மேடைக்கு மாற்றி எழுதியிருந்தாள். இயக்கமும் அவள்தான். ஒலிக்கும் ஒளிக்கும் அகிலன் பொறுப்பு. வார நாள் காலை. மணலில் வேறு யாரும் இல்லை. விமானச் சத்தம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் பார்த்து அகிலன் மைக்கை நீட்டினான்.

ஒத்திகையில் அதைப் போட்டபோது அலைகளுக்கு அடியில் ஓர் ஆண்குரல் கேட்டது.

"கயித்தப் போடுங்க."

கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனவனின் குரல்.

அங்கே ஆளே இல்லை என்று அகிலன் அடித்துச் சொன்னான். அந்த இடத்தை வெட்டி எடுத்தான். அடுத்த ஒத்திகையில் குரல் வேறோர் இடத்தில் கேட்டது, இன்னும் கொஞ்சம் பக்கத்தில். மறுபடி வெட்டினான்; மறுபடி வந்தது. கடைசியில் பதிவையே அழித்துவிட்டு, இணையத்திலிருந்து வேறு அலைச்சத்தம் எடுக்கச் சொல்லிவிட்டாள் ஃபர்சானா. அதில் குரல் இல்லை. எல்லாருக்கும் மூச்சு வந்தது.

கப்பல் தலைவனாக நடித்த அதீஃபுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. புயலில் ஆட்கள் கடலில் விழுந்தபின், கப்பலைக் காப்பாற்றுவதற்காக அவர்களைக் கைவிட்டுத் தலைவன் சொல்ல வேண்டும்: "இனி யாரும் இல்லை. கயிற்றைச் சுருட்டுங்கள்." ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவன் தடுமாறினான். மாற்றித் தர முடியுமா என்று கேட்டான். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, கைவைக்க மாட்டேன் என்றாள் ஃபர்சானா.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு சிறு அரங்கில், ஞாயிறு மதியம் நாடகம். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஃபர்சானா மேடையோரத் திரைமறைவில் நின்றாள். புயல் காட்சியில் அதீஃப் கயிற்றைக் கையில் எடுத்தான். "இனி யாரும்..." என்று தொடங்கினான்.

"கயித்தப் போடுங்க."

இந்த முறை அது ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. ஃபர்சானாவின் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடவே உப்பு வாடை. அவளால் திரும்ப முடியவில்லை.

அதீஃப் அந்தப் பக்கம் பார்த்தான். வசனத்தை விட்டுவிட்டுக் கயிற்றை வீசினான். அது அவளைத் தாண்டி இருட்டுக்குள் போய், விறைத்து நின்றது.

"இழுங்கடா," என்றான் அதீஃப்.

மாலுமிகளாக நடித்தவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். கயிறு கையை அறுத்தது. அவர்கள் முகத்தில் இருந்தது நடிப்பல்ல. ஏதோ பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஃபர்சானாவின் காலருகே நகர்ந்து, மேடை ஏறியது. சட்டென்று கயிறு தொய்ந்தது. எல்லாரும் மல்லாந்து விழுந்தார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

கூட்டம் கலைந்தபின் அதீஃப் நனைந்த கயிற்று முனையைப் பிடித்தபடி அவளிடம் வந்தான்.

"வசனத்த மாத்திட்டேன், சாரி லா. அவரு ஏறிட்டாருல்ல?"

"ஏறிட்டாரு," என்றாள் ஃபர்சானா. அவள் யாரையும் பார்த்திருக்கவில்லை. ஆனால் மேடைப் பலகையில் ஈரக் காலடிகள் பின்வாசல் வரை போய், சாத்திய கதவின் முன்னே நின்றிருந்தன.

அவள் போய்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கடல் தாண்டி வேலைக்கு வந்து கிராஞ்சி விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள், ஞாயிறு விடுமுறைக்காகச் சந்து முழுக்க நிறைந்திருந்தார்கள். உப்பு வாடை அவளை உரசிக்கொண்டு போய் அந்தக் கூட்டத்தில் கலந்தது.