சண்டை பிடிக்காத கப்டன்

பலெர்மோவில் செலஸ்ரீனா வேலை பார்த்த வீட்டில் மூன்று பேர்: நோர்வேக்காரியான எசமானி சிஞ்ஞோரா அஸ்ட்ரிட், அவருடைய பூனை, இறந்து நூறு வருடமான அவருடைய பூட்டனார் கப்டன் ஹல்வோர். சாப்பாட்டு மேசையில் தாள் கட்டுகளாகக் கூடிய இடம் பிடித்தவர் கப்டன்தான். சிஞ்ஞோரா அவருடைய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். செலஸ்ரீனா இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கும்போதெல்லாம் அதை வாசித்துக் காட்டுவார். எழுத்தில் கப்டன் பெரிய வீரர், பிறகு பாராளுமன்ற உறுப்பினர். கோப்பி குடிக்கும்போதுதான் சிஞ்ஞோராவின் வாயிலிருந்து உண்மை மெல்ல வெளியே வரும்.

மன்னாரிலிருந்து வந்த செலஸ்ரீனா, சண்டையே பிடிக்காத பட்டாளத்துக்காரரைப் பற்றி அதுவரை கேள்விப்பட்டதில்லை. அதனாலேயே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

தொண்ணூற்றாறு கார்த்திகையில், அந்தப் பகுதித் தேவாலய மண்டபத்தில் கப்டனைப் பற்றிப் பேச சிஞ்ஞோராவை அழைத்தார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. தாள்களைச் செலஸ்ரீனாவின் கையில் திணித்தார். அவளும் இத்தாலியத்தில் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தாள்.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் கேட்டார்: "எத்தனை சண்டைக்குப் போனவர்?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. சிஞ்ஞோராவிடம் குரலும் இல்லை.

"ஒண்டுக்கும் இல்லை," என்றாள் செலஸ்ரீனா. "ஒருக்கா எதிரி வாறான் எண்டு கரைக்குப் போனவை. எதிரி வரேல்லை, பனிதான் வந்தது. எல்லாருக்கும் மூக்கொழுகித் தடிமன். அதுக்குப் பிறகு பதவி உயர்வு."

மண்டபம் சிரித்தது. சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டார்.

கிழவர் விடவில்லை: "பாராளுமன்றத்திலை என்ன செய்தவர்?"

"முப்பது வருசம் பீரங்கி தாங்கோ எண்டு கடிதம் எழுதினவர். அங்கை போனதும், பீரங்கி வேண்டாம், ரோட்டுப் போடுங்கோ எண்டிட்டார்."

"அந்த ஆளை எங்கடை பிரான்காச்சோப் பக்கம் அனுப்புங்கோ, அங்கை ரோட்டே இல்லை!" என்று யாரோ கத்த, கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் கணவன் ஜோக்கிமிடம் சொன்னாள்:

"நாளைக்கு எனக்கு வேலை இருக்காது போல."

"ஏன், பொய்யே சொன்னனீ?"

"உண்மையைத்தான் சொன்னனான். அதுதான் பயம்."

வேலை போகவில்லை. ஆனால் இரண்டு நாள் சிஞ்ஞோரா, இருந்த கொஞ்சக் குரலில், பூனையோடு மட்டும்தான் கதைத்தார். மூன்றாம் நாள், குரல் திரும்பியதும், பேனையோடு வந்து மினுக்கும் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அந்தப் பனிக்கதையைத் திருப்பிச் சொல்லு," என்றார். "சனம் எந்த இடத்திலை சிரிச்சது?"

புத்தகத்தில் அது மூன்று பக்கம் வந்தது.