லீமாவுக்குக் கிடைத்த நற்சான்று

ஸ்வீடன் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்வது பெரும்பாலும் படிப்பில் சேர்வதுபோல் இல்லை, வேலையில் சேர்வதுபோல். ஆள் தேவை என்று விளம்பரம் வரும். எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. துபாய் கராமாவில் ஆறு பெண்கள் படுக்கும் ரூமில் இருந்த லீமாவுக்கு இது தெரிந்த நாள்முதல் அந்த ஊர் செருப்புக்கடிபோல் உறுத்தியது.

உயிர்வேதியியல் படித்துவிட்டு, பர் துபாயில் டாக்டர் சேதுமாதவனின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீசியனாக இருந்தாள். தொழிலாளர் கேம்ப்களில் எடுத்த ரத்தம் வேனில் மணிக்கணக்காகக் கிடந்துதான் அங்கே வந்துசேரும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் அடைந்து கிடக்கிறது. நேரம் போகப் போக அது வெளியே கசியும். மெஷின் அதையும் சேர்த்து அளந்து, நல்ல உடம்புக்காரனுக்கும் பொட்டாசியம் கூடுதல் என்று காட்டிவிடும். அவன் டியூட்டியை இழந்து ஆஸ்பத்திரிக்கு அலைவான். லீமா தன் ரத்தத்தையே எடுத்து, பாதியை உடனேயும் பாதியை வேனில் சுற்றவிட்டும் சோதித்து இதை உறுதிசெய்திருந்தாள். விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதினாள். ஸ்வீடன் பேராசிரியருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

டாக்டரிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. வேன் அவருடைய மச்சானுடையது. அவள் பாஸ்போர்ட் அவருடைய இழுப்பறையில் இருந்தது.

"பரிந்துரைக்கு டாக்டர் பேரையா போட்ட? கிறுக்குப் பிள்ளே!" என்றாள் ரூமில் இருந்த ஊர்க்காரி பெர்சி.

"நம்ம பயோடேட்டால கடைசியில சும்மா போடுவோம்லா, அதுமாதிரிதான். எவன் விளிச்சுக் கேக்கப் போறான்?"

அங்கே போனில் விளித்துக் கேட்பார்கள். கேட்டார்கள்.

டாக்டர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே வந்தார். "என்னம்மா, ஸ்வீடனா? சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே. 'உங்க கருத்து தப்புன்னு பட்டா சொல்வாளா'ன்னு அந்த புரொபசர் கேட்டார். மூணு வருஷத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல, தங்கமான பொண்ணுன்னேன். வேன், பொட்டாசியம்னு ஏதோ கேட்டார். அப்படி எதுவும் எங்கிட்ட வந்ததில்லைன்னுட்டேன்."

அவர் மனதாரப் புகழ்ந்திருந்தார்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. 'உங்கள் சோதனை அருமையானது. ஆனால் தவறு தெரிந்தும் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை. வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.' இழுப்பறையில் கிடக்கும் பாஸ்போர்ட்டைப் பற்றி அந்தக் குளிர்நாட்டு மனிதருக்கு எந்த வார்த்தையில் எழுதுவது?

"போனாப் போகுது, இங்க உனக்கு என்ன குறை?" என்றார் டாக்டர்.

இழக்க இனி ஒன்றுமில்லை என்ற துணிச்சலில் அவள் சொன்னாள்: "கேம்ப் ரத்தம் வேன்லயே கெட்டுப்போவுது டாக்டர். நாம குடுக்குற பொட்டாசியம் ரிசல்ட்ல பாதி தப்பு."

அவர் முகம் இறுகியது. "எப்பலேருந்து தெரியும்?"

"ஒரு வருஷமா."

"அத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சப்ப வாய மூடிட்டிருந்த. ஸ்வீடன் வேலை கைவிட்டுப் போனதும் ஞாபகம் வந்துதா?"