ஈயத்தாளும் ஒரு மன்னிப்பும்

ஜெமீலா டீச்சருக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் புதன்கிழமை அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதமாகப் பாடுபட்டுச் செய்த சூரிய அடுப்பைப் பள்ளி அதிபரின் மேசையில் வைத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் பேனாக்கத்தியால் அதன் ஈயத்தாளை உரித்துக்கொண்டிருந்தார்.

அடுப்பு என்றால் ஒரு தேயிலைப் பெட்டி, அவ்வளவுதான். அதை மூன்று மைல் தலையில் சுமந்து பசறைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவள் ஜெயலெட்சுமி. அவள் அப்பா தம்பையா தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டிக்கு ஆணி அடிப்பவர். உடைந்த பெட்டிகளைத் தொழிற்சாலைக்குப் பின்னால் எறிவார்கள். வேண்டியவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகளுக்கு அலமாரியே அதுதான். டீச்சர் பளபளக்கும் தாள் கேட்டதற்கு டவுன் பிள்ளைகள் சிகரெட் பெட்டித் தாளைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே முழுக்க ஈயத்தாள் ஒட்டிய பெட்டியோடு இவள் வந்து நின்றாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மூடியில் இருக்கும் தாள் வெயிலை உள்ளே திருப்பும், கரி பூசிய சட்டி அந்தச் சூட்டை வாங்கும், மேலே வைத்த கண்ணாடி அதை வெளியே விடாது. பாடம் இவ்வளவுதான். மேகம் விலகும்போதெல்லாம் வகுப்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது. ஒன்பதரைக்கு வைத்த அரிசி ஒரு மணிக்கு வெந்தது. ஆளுக்கு ஒரு பிடிதான் என்றாலும் அப்படி ஒரு சோற்றை அவர்கள் சாப்பிட்டதில்லை. பதுளைக் கண்காட்சியில் அதை விளக்கிச் சொல்ல ஜெயலெட்சுமியைத்தான் டீச்சர் தெரிவு செய்திருந்தார்.

பெட்டியில் தோட்டத்தின் பெயர் குத்தியிருக்கிறது, இது களவு என்றார் கிளாக்கர். அதிபர் நெளிந்தார். வாசலில் நின்ற ஜெயலெட்சுமி, “நான் களவெடுக்கலைங்க” என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

டீச்சருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அதிபர் பைல் அடுக்கியிருந்த பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார்.

“இதுலயும் உங்க தோட்டத்துப் பேருதான் இருக்கு. இதையும் தூக்கிட்டுப் போங்க. உங்க வீட்டுலயும் நாலு பெட்டி இருக்கும், அதையும் களவுன்னு எழுதிக்கங்க. ஒரு புள்ள படிக்கிறது உங்களுக்கு அவ்வளவு எரியுதா?”

சன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கிளாக்கர் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். டீச்சருக்கு அன்று பதுளை பஸ்ஸில் நின்றுகொண்டு போனதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு நிறைவு.

மறுநாள் ஜெயலெட்சுமி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. திங்கட்கிழமை அதே லயத்துப் பிள்ளையைக் கேட்டபோது விஷயம் தெரிந்தது. தம்பையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். அடுப்பு எரிய வேண்டுமே, மகளைக் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்துவிட்டார்களாம்.

வாங்கிய அடிக்குப் பதிலை டீச்சரிடம் தர முடியாத மனிதன், ஆணி அடிக்கிறவனிடம் கொடுத்துவிட்டான். என்ன ஆண்மை! மேலதிகாரிகளின் கந்தோருக்கு எழுதப்போகிறேன் என்று டீச்சர் பேனாவை எடுத்தார். நீங்கள் எழுத எழுத அங்கே தம்பையா முதுகில்தான் விழும் என்றார் அதிபர். கோழையின் பேச்சுத்தான். ஆனாலும் உண்மை.

பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சர் தோட்டத்துக்குப் போனார். கிளாக்கர் உட்காரச் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடிக்கும்வரை நிற்கவைத்தார். “நடந்ததுக்கு மன்னிச்சுக்கங்க. இனி இப்பிடி நடக்காது” என்று டீச்சர் சொன்னதும், கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, அவர் முன்னால் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். டீச்சரும் சொன்னார். சொன்ன நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. தம்பையாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பெரிய மனது பண்ணி, ஈயத்தாளையும் சுருட்டிக் கையில் கொடுத்தார் கிளாக்கர்.

மறுநாள் ஜெயலெட்சுமி வந்தாள். விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது. கண்காட்சிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, திரும்ப ஒட்டிவிடலாம் என்று டீச்சர் சுருளை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

“மன்னிப்புக் கேட்டீங்களாமே டீச்சர்.”

“உனக்காகத்தான் கேட்டேன்.”

“களவெடுக்காததுக்கு எதுக்குங்க மன்னிப்பு? களவுதான்னு டீச்சரே ஒத்துக்கிட்டாங்கன்னு, காலையில எல்லாருக்கும் வேலை பிரிக்கிற பெரட்டுல வெச்சுக் கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு. இப்ப எங்க லயத்துல நான் கள்ளி.”

அவள் குரல் உயரவேயில்லை. சூரிய அடுப்பை வேறு யாராவது விளக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.