எந்தக் காச்சாவ்?

நோன்புக் கஞ்சி மறுபடியும் அடிப்பிடித்தது. சூலியா தெருவில் பாதி மூக்குகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"நாளைக்கும் பிடிச்சா, உன் மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு நானே அகப்பையை எடுத்துருவேன்லா" என்றான் சாஹித். ஃபஸீலா விடுவாளா? புருஷனுக்கு வலது தோள் ஏற்கெனவே போன தோள். இன்னும் கிண்டினால் கையைத் தூக்கவே வராது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் ஃபஸீலா, ஸ்டெப்பர் மோட்டார் வைத்துக் கிண்டும் துடுப்பு ஒன்றைச் செய்து அவனுடைய கஞ்சிக் கடையில் மாட்டினாள்.

அந்த மோட்டார் பாவம், கண்ணை மூடிக்கொண்டு அடிகளை எண்ணி எண்ணி நடக்கிற ரகம். சட்டியை இடமும் வலமுமாக வழிக்கும், கொஞ்சம் ஓயும், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஓய்வில் மின்சாரம் கிடையாது. அப்போது யாராவது துடுப்பைத் திருப்பிவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? சட்டியில் ஒரு பக்கம் வழிக்கப்படாமலே கிடந்து தீய்ந்துபோகும். எவனோ கை வைக்கிறான், சந்தேகமே இல்லை.

மறுநாள் லீவு போட்டாள். ஓய்ந்திருக்கும் மோட்டாரை வெளியிலிருந்து திருப்பினால் அதுவே துளி மின்சாரம் உண்டாக்கும். அதன் கம்பிகளில் ஒரு சின்ன பஸ்ஸரை மாட்டினாள். வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, கடையின் பின்வாசல் வழியாக நுழைந்து, வெங்காய மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

கீய்ங்!

பாய்ந்து வந்து பார்த்தால், துடுப்பைப் பிடித்திருந்தது சாஹித்.

"மச்சான்! நீங்களா?"

"நான்தான் தெனமும் சொன்னேனே! நீ போன்ல எப்படி இருக்குன்னு கேக்கிறப்பெல்லாம் 'காச்சாவ்'னு சொன்னேனா இல்லையா?"

யா அல்லாஹ்! மலாயில் கிண்டுவதும் காச்சாவ்தான், குளறுபடியும் காச்சாவ்தான். மனுஷன் தினமும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான், இவள் மெஷினில் குளறுபடி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் மச்சான்?"

"அது நிக்கிறப்ப கை சும்மா இருக்க மாட்டேங்குது புள்ள. அதனால அடிப்பிடிக்கும்னு யாரு கண்டா? தோளும் போயி வேலையும் போச்சுன்னா, அப்புறம் நான் எதுக்குன்னு பயமா இருக்கு."

ஃபஸீலாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அகப்பையால் ஒரு போடு போடலாமா என்று பார்த்தாள். போடவில்லை, லேப்டாப்பைத் திறந்தாள். துடுப்பில் கை பட்டு அந்தத் துளி மின்சாரம் வந்தால், மோட்டாரும் அதே பக்கம் சேர்ந்து சுற்ற வேண்டும். கையை எடுத்ததும், கூடச் சுற்றிய அடிகளையும் கணக்கில் சேர்த்துத் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றினாள். சாஹித் இடது கை விரல்களை வைத்தான். துடுப்பு பாரமே இல்லாமல் போனது.

அன்று கஞ்சி அடிப்பிடிக்கவில்லை.

அடுத்த நாள் தொழிற்சாலையிலிருந்து போன் போட்டாள். "எப்படி இருக்கு மச்சான்?"

"காச்சாவ்."

"எந்தக் காச்சாவ்?"

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து கிண்டுற காச்சாவ்லா."