மேசைக்கு அடியில் ஒரு வாளி

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போகும் நோய். என் மாமியார் வாயில் அந்தப் பெயர் நுழையாது, "நீளப் பேரு வியாதி" என்பார். தையல் கடையில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். துணி வெட்டுவது என் வேலை. தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், வெட்டினதை ஒட்ட முடியாது. அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

நோய் தெரிந்தபின் வந்த முதல் கோடை இது. மதியம் கடையின் தகரக் கூரை காய்ந்ததும் அளவு நாடாவின் எண்கள் இடது கண்ணில் மங்கும், கால் துவளும். ஒருநாள் நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதை முதலாளி பார்த்துவிட்டார். மறுநாளே பட்டன் தைக்கும் மூலையைக் காட்டினார். பட்டன் தைப்பது கேவலமில்லை. ஆனால் கத்தரியைக் கொடுத்துவிட்டால் நான் யார்? மாட்டேன் என்றேன்.

"சரி, திங்கக்கிழமை காலையில என் முன்னாடி ஒரு கோட்டுத் துணி வெட்டிக் காட்டுங்க. விலை கூடின துணி. அப்புறம் முடிவு பண்ணலாம்."

காலையில் நான் கில்லி. வெற்றி என் பக்கம்தான் என்று இருந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் மாமியார் தன் முட்டிவலியோடு எழுந்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய வெந்நீர் காய்ச்சி வைத்திருந்தார். "சூடா ஊத்திக்கோம்மா, நரம்பு இளகும். இன்னைக்கு ஜெயிச்சுட்டு வரணும்." ஆசையாக ஊற்றிக்கொண்டேன். டாக்டர் வெயிலில் அலையாதே என்றுதான் சொல்லியிருந்தார். வெயில் குளியலறைக்குள்ளும் வரும் என்று எனக்கு எங்கே தெரியும்? புடவை கட்டி முடிப்பதற்குள் கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி தொய்ந்தன. இடது கண்ணில் ஒரே புகை. கட்டிலில் விழுந்தேன்.

"ஐயோ, நானே உன் பொழைப்பைக் கெடுத்துட்டேனே!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கடைசியாகத்தான் புத்தி வந்தது. வெயிலில் வந்த மங்கலெல்லாம் இதுவரை நிழலில் உட்கார்ந்தால் போயிருக்கிறது. சூட்டில் வந்தது குளிர்ச்சியில் போகாதா?

"அத்தை, அழுகையை சாயங்காலம் வச்சுக்கலாம். ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஐஸ் பூராவும் எடுங்க. ஒரு வாளியும் வேணும். வண்டியைக் கூப்பிடுங்க."

கழுத்தில் ஈரத்துண்டு, ஒரு கை மாமியார் தோளில். அப்படித்தான் கடைக்குள் நுழைந்தேன். வெட்டுமேசைக்கு அடியில் வாளியை வைத்து, ஐஸ் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதலாளி குனிந்து பார்த்தார். "என்ன மாஸ்டர், துணி வெட்ட வந்தீங்களா, துவைக்க வந்தீங்களா?"

"வெட்டப்போறது கை சார். கால் எங்க இருந்தா உங்களுக்கு என்ன?"

சாம்பல் நிறத் துணியை விரித்தார். கத்தரியை நீட்டினார். நான் வாங்கவில்லை. இடது கண் தெளிந்ததா என்று பார்க்க, வலது கண்ணை மூடிக்கொண்டு நாடாவைப் பார்த்தேன். எண்கள் எறும்பாக ஊர்ந்தன.

"வெட்டுங்க."

"இப்ப வெட்ட மாட்டேன். கண்ணு தெளியட்டும்."

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

"போய்ப் பாருங்க சார். ரோஷத்துக்காக உங்க துணியைப் பாழாக்க மாட்டேன்."

அவர் போகவில்லை. மாமியார் துண்டை மறுபடி நனைத்து என் கழுத்தில் போட்டார். ஐஸ் பாதி கரைந்தபோது எண்கள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அப்புறம்தான் கத்தரியை எடுத்தேன். போட்ட சாக்பீஸ் கோட்டை விட்டு அது விலகவில்லை. கோட்டின் கையைப் பொருத்தும் கைக்குழி வளைவில்கூட ஒரு நூல் பிசகவில்லை.

முதலாளி வெட்டிய துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். "சில பேரு கண்ணு தெரியாமலே வெட்டிட்டு என் தலையில கட்டுவாங்க. நீங்க நிறுத்துனீங்க பாருங்க, அது போதும். இனிமே வெட்டு வேலை காலையில மட்டும். வாளி இங்கயே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முடியலைன்னா சொல்லிடுங்க மாஸ்டர்."

"முடியலைன்னா நானே சொல்றேன். அதுவரைக்கும் கேக்காதீங்க."

"பேச்சு போதும்," என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த துணியை எடுத்துக் குடுங்க. ஐஸ் கரையுது."