இன்ஸ்பெக்டர் அக்காவும் நாற்பது டப்பா இனிப்பும்

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. போலீசுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை; வாழ்நாளெல்லாம் தையல் மெஷின்தான். ஆனால் ரமலான் பிறந்துவிட்டால், யார் நோன்பு, யார் டிமிக்கி என்று உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டாள். தம்பி பன்னிரண்டு வயதில் குழாயடியில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்த கதையை, அவனுக்குத் தலை நரைத்த பிறகும் ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பேர்ப்பட்டவள் இந்த வருஷம் நோன்பு வைக்கவில்லை. சிறுநீரகக் கல்லை எடுத்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தண்ணி குடிக்காம இருந்தீங்கன்னா மறுபடி இங்கதான் வந்து படுப்பீங்க." உடம்பு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியாததா? நாலு பேருக்கு அவளே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அடுத்தவர்களுக்கு என்றால் அது விலக்கு, தனக்கு என்றால் மானக்கேடு. அதனால் வீட்டில், "டாக்டர் தாராளமா வைக்கலாம்னுட்டார்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

பகலில் தையல் அறையைத் தாழிட்டுக்கொண்டு பிஸ்கட், தண்ணீர், மாத்திரை. சாயங்காலம் தம்பி குடும்பத்தோடு விரிப்பில் உட்கார்ந்து, "அப்பாடா, நாக்கு வறண்டு போச்சு" என்று ஒரு நடிப்பு. பன்னிரண்டு நாளாக இதே கூத்து. நோன்பு திறக்கும் நேரத்து முதல் பேரீச்சம்பழம் மட்டும் தொண்டையில் இறங்க மறுத்தது.

பதின்மூன்றாம் நாள், இனிப்பு செய்தார்கள். வருஷா வருஷம் நாற்பது டப்பா, தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, பொடித்த முந்திரியும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, வறுத்த எள்ளில் புரட்ட வேண்டும். செய்கிற அத்தனை பேரும் நோன்பு என்பதால் ஒருத்தரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. கையளவும் மூக்கும்தான் துணை. முந்திரி இந்தத் தடவை தம்பியின் கொள்முதல். "கடைக்காரன் வறுத்தே குடுத்துட்டான், நமக்கு வேலை மிச்சம்" என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி மனைவி உருட்டிய முதல் தட்டை அவர்களுடைய மகள் தையல் அறைக்குக் கொண்டுவந்தாள். "அத்தை, டப்பாவுல அடுக்குவீங்களாம். நாலு மணிக்குக் குடுக்கப் போறோம்."

அவள் போனதும் கதவைத் தாழிட்டு, மாத்திரைக்கு முன்னால் வயிற்றில் ஏதாவது இருக்கட்டும் என்று அக்கா ஓர் உருண்டையை வாயில் போட்டாள்.

உப்பு. சும்மா இல்லை, குடலைப் புரட்டும் உப்பு. கொறிப்பதற்கு விற்கிற உப்பு முந்திரியைப் போய் வாங்கியிருக்கிறான் புண்ணியவான். மற்ற நாளென்றால் கடையிலேயே ஒன்றைக் கடித்துப் பார்த்திருப்பான். நோன்பு வைத்தவன் எங்கே கடிப்பது!

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தப்பித்துவிடலாம். நாற்பது வீட்டிலும் முகம் சுளித்தாலும், மரியாதைக்கு ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். ஆனால் விடிந்ததிலிருந்து நின்றபடியே வேலை பார்க்கிறாள் தம்பி மனைவி. அவள் பேரல்லவா கெடும்! வாசனையை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாமா என்று யோசித்தாள். உப்புக்கு ஏது வாசனை? அக்கா தாழைத் திறந்தாள். நேரே சமையலறைக்குப் போனாள்.

"உருட்டுறத நிறுத்துங்க. எல்லாம் உப்பாக் கரிக்குது."

தம்பி மனைவி நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"தின்னு பாத்தேன்." நிறுத்தினால் மறுபடி வராது என்று மளமளவென்று கொட்டிவிட்டாள். "நான் நோன்பு இல்ல. ஒரு நாள்கூட இல்ல. டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டார். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

தம்பி வாயைத் திறந்தான். இத்தனை வருஷ வட்டியும் முதலும் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தான், விழுங்கிவிட்டான். "ரொம்ப உப்பாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"வாயில வைக்க முடியலடா."

தம்பி மனைவிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அறுத்துத் தச்ச உடம்போட, கதவச் சாத்திக்கிட்டுப் பிஸ்கட்டா தின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சூடாச் சமைச்சுத் தந்திருக்க மாட்டேனா? நான் என்ன அந்நியமா?" திட்டத் திட்ட அக்காவுக்குக் கண்ணீர் வந்தது. அவமானத்தில் இல்லை, ஆறுதலில்.

அப்புறம் அழ நேரமில்லை. மீதி முந்திரியைக் கழுவி, துடைத்து, மறுபடி வறுத்தார்கள். உருட்டியதை உடைத்துப் பேரீச்சம்பழத்தை அள்ளிப் போட்டார்கள். தம்பி மகள் ஸ்பூனில் ஊட்ட, அக்கா ருசி பார்த்தாள். "இன்னும் பழம்... இன்னும்... இப்ப சரி!" உப்பைச் சமாளிக்கப் போய் நாற்பது டப்பா அறுபத்தைந்து ஆகிவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்று எல்லோரும் விழிக்க, "எனக்கு ஊசி போட்ட நர்சுப் பிள்ளைங்களுக்கு" என்றாள் அக்கா. தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னாள்.

சாயங்காலம் விரிப்பு போட்டார்கள். அக்கா சமையலறை வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"வாங்க அண்ணி, உட்காருங்க."

"நான் நோன்பு இல்லையேம்மா."

"அதுக்கு? பசிக்கலையா?"

"எங்க பசிக்குது! மதியத்துலேருந்து தின்னுக்கிட்டேதானே இருக்கேன்."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். தம்பி நகர்ந்து இடம் விட்டான். அக்கா உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்தாள். அது சுலபமாக உள்ளே இறங்கியது.