ஐம்பது எம்.எம். த்ராட்டில்

தரணியின் பழைய ஏர்கூல்டு காருக்கு என்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி நாற்பது எம்.எம். அகலம் போதும் என்றார் சித்தூர் மெக்கானிக். தரணி கேட்டால்தானே! அடம்பிடித்து ஐம்பது மாட்ட வைத்தான். அன்றிலிருந்து பெடலில் கால் பட்டாலே என்ஜின் காற்றை வாரிக் குடித்தது, கார் பாய்ந்தது.

திருப்பதி சாலையெங்கும் புரட்டாசி நடைபயணக் கூட்டம். ஊர்ந்து போகலாமென்று பெடலில் கால் பெருவிரலை மட்டும் வைத்தான். கார் எகிறியது. பிரேக் பிடித்தபோது, முன்னால் நடந்த குழந்தையின் கொலுசுக்கும் பம்பருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

என்ஜினை அணைத்தான். இறங்கி, காரைத் தள்ளத் தொடங்கினான்.

"இன்னா சார், வண்டி ஓடலியா?" என்று ஓடி வந்து முதலில் கை கொடுத்தவர் அந்தக் குழந்தையின் அப்பா.

"ஆமாங்க, ஓடல" என்று சொல்லிவிட்டு, தரணி குனிந்து தள்ளினான்.